42 வெள்ளி

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை கோபம்தான் வந்தது. இரண்டாம் தடவை கோப்பிக் கடையில் உட்கார்ந்து கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் காதிலும் விழுந்து, "பொண்ணு சண்டை போடுதா?" என்றார். "இல்லைங்க, பெர்லின்ல தத்துவம் படிக்குது" என்றேன். மூன்றாம் தடவைதான் பிடிபட்டது. எது நல்லது, எது கெட்டது என்பது உன் கேள்வியில்லை. நல்லவனாக இருப்பதற்கே அப்படி என்ன மதிப்பு என்று கேட்கிறாய்.

ஜெர்மன் தத்துவவாதி நீட்சே 1887இல் இதைத்தான் கேட்டார் என்றாய். ஜெர்மன் மொழியில் குற்றத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல், ஷூல்ட். கடன் கொடுத்தவன், வாங்கியவன் கணக்கிலிருந்துதான் மனசாட்சியே முளைத்தது, திருப்பித் தராதவனை வதைக்கிற ருசியும் அதில் சேர்த்தி என்கிறாராம். முப்பது வருஷம் சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக் கடை வைத்துக் கடன் நோட்டு எழுதியவனுக்கு இது புதுசா? பாக்கி வைத்தவர்கள் என் கடையைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். நான் வேண்டுமென்றே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சௌக்கியமா?" என்பேன். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். தங்கமான மனுஷன் என்று பெயர். அந்த "சௌக்கியமா"வில் இருந்த இனிப்பு எனக்கு மட்டும் தெரியும்.

உன்னுடைய இன்னொரு ஆள்தான் அதிகம் குத்தினார். அமெரிக்கத் தத்துவவாதி சூசன் வுல்ஃப், 1982இல் எழுதிய கட்டுரை. அறத்துக்கே தன்னை முழுக்கக் கொடுத்துவிட்ட புனிதருக்கு நாவல் படிக்கவோ ஓபோ வாசிக்கவோ நேரம் இருக்காது, அப்படி ஒருவராக ஆசைப்படவும் வேண்டாம் என்கிறார். (ஓபோ என்றால் ஒருவகை ஊதுகுழல் என்று யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நம் நாதஸ்வரத்துக்குத் தூரத்து உறவு போலிருக்கிறது.) நான் புனிதன் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் தேக்கா முழுக்க வெளிநாட்டு ஊழியர் கூட்டம். ஒருவருக்கு ஊருக்குப் பணம் அனுப்பப் படிவம் நிரப்புவேன், இன்னொருவருக்காக முதலாளியிடம் பேசுவேன். நீயும் அம்மாவும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு என்னை விட்டுவிட்டுத்தான் போனீர்கள். "அப்பா எல்லாருக்கும் நல்லவர், நமக்கு மட்டும் லீவு" என்று பத்து வயதில் சொன்னாயே, அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அண்ணே அண்ணே என்று அவர்கள் சுற்றி நின்றது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது, உன்னிடம் சொன்னதில்லை. 2009இல் அறந்தாங்கிப் பக்கத்து முருகன் என்பவர் வேலை பெர்மிட் முடிந்து கிளம்பும்போது பாக்கியை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால், இன்னொரு முருகன் வாங்கிய அரிசியும் பால் டின்னும் இவர் பக்கத்தில் ஏறியிருக்கின்றன. 42 சிங்கப்பூர் வெள்ளி கூடுதல். அவர் கைபேசி எண் செத்துவிட்டது. கூட வேலை பார்த்தவர்களுக்கும் விலாசம் தெரியவில்லை. அந்தப் பணம் இன்னும் அலமாரியில் உறைக்குள் இருக்கிறது.

அது யாருக்குமே தெரியாது. அவருக்கும் தெரியாது. கடன் கொடுத்தவன் உனக்குள்ளேயே குடியேறிவிட்டான் என்று நீட்சே சிரிப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் உன் அம்மா ஒருநாள், "வீரமாகாளியம்மன் கோயில் உண்டியல்ல போட்டுடுங்க, மனசு லேசாகும்" என்றாள். போட்டிருந்தால் லேசாகித்தான் இருக்கும். போட மனம் வரவில்லை. அது முருகன் காசு, அம்மன் காசு இல்லை. என் மனசை ஆற்றிக்கொள்வதுதான் இதற்கெல்லாம் மூலம் என்றால், அன்றைக்கு உண்டியல் எனக்குப் போதாமல் போனது ஏன்? இதை உன் பேராசிரியரிடம் கேள்.

தமிழிலும் கடன் என்றால் வாங்கியதும் கடன், செய்ய வேண்டியதும் கடன். 211ஆவது குறள் "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்று, பதிலுக்கு எதுவும் எதிர்பாராத கடமைக்கு மழையைக் காட்டுகிறது. மழை அளவுக்கு நான் பெரிய ஆளில்லை. என்னுடையது வெறும் பாக்கி, வாங்கிக்கொள்ள ஆளில்லாத பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இப்போது கடை இல்லை, நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். ஈஸ்ட் கோஸ்ட் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

அப்பா