நிசேயாவுக்குப் பக்கத்து ஊரிலிருந்து

புர்சா, துருக்கி
டிசம்பர் 2025

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஸ்தோத்திரம். நானும் அத்தானும் பிள்ளைகளும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறார்களா, இல்லை இன்னும் டாக்டரிடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்களா? அம்மாவிடம் கேட்டு எழுது.

இங்கே குளிர் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் உலுதா மலை உச்சி முழுக்கப் பனி. அத்தானுக்கு மில்லில் நைட் ஷிப்ட். சாப்பாடெல்லாம் பழகிவிட்டது. காலையில் ரொட்டி, உப்பில் ஊறின ஆலிவ் காய், தக்காளி, பால் ஊற்றாத தேயிலை. சோற்றைக்கூட வெண்ணெயில் வறுத்த சேமியாவோடு சேர்த்துத்தான் பொங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. எனக்கு இன்னும் ரசம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே 'பிரெஞ்சுக் கோவில்' என்று சொல்கிற பழைய கோவிலுக்குப் போகிறோம். கத்தோலிக்கர்களுக்கு ஒரு நேரம், நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நேரம். ஆராதனை துருக்கி மொழியில். நம் ஊரில் மணி அடித்தால் தெருவே கிளம்பும். இங்கே முன்பக்கத்துச் சில பெஞ்சுகளுக்குள் சபை முழுக்க அடங்கிவிடும். ஆனால் அவர்கள் 'ரப் ஈசா மெசிஹ்', அதாவது கர்த்தராகிய இயேசு கிறிஸ்து, என்று பாடும்போது உள்ளே ஏதோ செய்கிறது தம்பி. அந்தப் பெயரைச் சொல்வதற்காகச் சொந்த வீட்டாரின் முகச்சுளிப்பைத் தாங்கிக்கொண்டவர்கள் அதில் இருக்கிறார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஹாஸ்டலில் யாரோ வீடியோ காட்டி, "கான்ஸ்டன்டைன் ராஜாதான் நிசேயாவில் ஓட்டெடுத்து இயேசுவைக் கடவுளாக்கினான், அதற்கு முன் அவர் வெறும் போதகர்" என்று சொன்னான் என்றும், உனக்குப் பதில் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். கான்ஸ்டன்டைன் ரோமச் சக்கரவர்த்தி. நிசேயா வேறெங்கும் இல்லை, நாங்கள் இருக்கிற இதே புர்சா மாகாணத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் இஸ்னிக். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும்.

வழி நெடுக ஆலிவ் தோப்பு. ஊரைச் சுற்றி ரோமர் காலத்து மதில் இன்னும் நிற்கிறது. அதன் வாசலுக்குள்ளேதான் மக்கள் போய்வருகிறார்கள். 325-ஆம் ஆண்டு சபைகளின் ஆயர்கள் சங்கமாகக் கூடின அரண்மனை இன்று இல்லை. ஏரிக்கரையில் ஒரு கோவிலின் அடித்தளம் மட்டும் இருக்கிறது. 2014-இல் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில்தான் அது தண்ணீருக்கடியில் கிடப்பது தெரிந்ததாம். நெயோபித்துஸ் என்ற பதினாறு வயதுப் பையன் விசுவாசத்துக்காகக் கொலையுண்டதின் நினைவாகக் கட்டினது என்கிறார்கள். போன மாதம் 28-ஆம் தேதி போப் லியோவும் கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவர் பர்த்தொலோமேயுவும் அந்த இடத்தில் நின்று, 1700 வருஷ நிறைவுக்காக, நிசேயா விசுவாசப்பிரமாணத்தைச் சேர்ந்து சொன்னார்கள். நாம் இராப்போஜன ஆராதனையில் எழுந்து நின்று சொல்கிறோமே, அதேதான்.

இப்போது இதைக் கவனி. அந்தச் சங்கம் கூடுவதற்கு 200 வருஷத்துக்கு முன்பே, ஏறக்குறைய 112-இல், நிசேயா இருந்த பித்தினியா என்ற ரோம மாகாணத்துக்கு ஆளுநராக இருந்தவர் பிளினி. கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டுச் சக்கரவர்த்தி டிராஜனுக்கு அவர் எழுதின கடிதம் இன்றும் இருக்கிறது. இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று எழுதுகிறார். உண்மையைக் கறக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் எழுதுகிறார். சபையில் அவர்கள் ஊழியக்காரிகளாம். கான்ஸ்டன்டைனின் தாத்தாகூடப் பிறக்காத காலம் அது. அந்த இரண்டு பெண்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. எந்த ராஜா ஓட்டெடுத்து அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தான்? பேதுருவின் முதலாம் நிருபத்தின் முதல் வசனத்தைத் திறந்து பார், பித்தினியா என்று இருக்கும். இங்கேயும் பக்கத்து மாகாணங்களிலும் சிதறிக் கிடந்த விசுவாசிகளுக்குத்தான் அந்த நிருபம்.

நிசேயாவில் நடந்தது என்னவென்றால், அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர், குமாரன் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு, அவர் படைப்புகளிலெல்லாம் மேலான படைப்பு, ஆனாலும் படைப்புதான் என்று போதித்தார். அதற்குப் பதிலாகத்தான் 'ஜோதியில் ஜோதி, பிதாவோடே ஒரே தன்மையுடையவர்' என்ற வார்த்தைகள். ராஜாவின் அதிகாரம் அங்கே இருந்தது உண்மைதான். கூட்டத்தைக் கூட்டினவர் அவர், கடைசிவரை ஒத்துக்கொள்ளாத இரண்டு ஆயர்களை ஆரியுஸோடு நாடு கடத்தினவரும் அவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வந்திருந்தவர்களில் பழைய உபத்திரவத்தில் ஒரு கண் பிடுங்கப்பட்ட எகிப்து ஆயர் பப்னூத்தியுஸும் இருந்தார் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கண்ணைக் கொடுத்தும் விசுவாசத்தைக் கொடுக்காத மனுஷன், ஒரு ராஜாவின் விருந்துக்காக அதை மாற்றிக்கொள்வாரா?

வீடியோக்காரர்கள் பிந்தின கதையைச் சொல்வதில்லை. அதே கான்ஸ்டன்டைன் பிறகு ஆரியுஸைத் திரும்ப அழைத்தார். நிசேயாவுக்காக நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸைத் தூரதேசத்துக்குத் துரத்தினார். 337-இல் சாகும் தறுவாயில், இங்கே பக்கத்து மாகாணத்திலுள்ள இஸ்மித் அருகே, ஆரியுஸ் பக்கம் சாய்ந்த ஆயர் கையால்தான் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்குப் பின் வந்த மகன் கான்ஸ்டன்டியுஸ் இன்னும் வெளிப்படையாக நிசேயாவுக்கு எதிரி. அத்தனாசியுஸ் நான்கு சக்கரவர்த்திகள் காலத்தில் ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டவர். ராஜாக்கள் சொன்னதுதான் விசுவாசம் என்றால், இன்றைக்கு நாம் ஆரியுஸின் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருப்போம்.

இதெல்லாம் பழைய வழக்கு, நமக்கென்ன என்று நினைக்காதே. கடன்பட்டவனை இன்னொரு கடன்பட்டவன் மீட்க முடியுமா? இயேசு எவ்வளவு பெரியவராயிருந்தாலும் படைக்கப்பட்டவர்தான் என்றால், சிலுவையில் தொங்கினது கடவுள் அனுப்பிவைத்த வேறொருவர். கடவுள் நம்மிடம் வரவேயில்லை. அப்படிப்பட்டவரை அன்பானவர் என்று நான் எப்படிச் சொல்வேன்? நம் பாட்டி புற்றுநோயில் படுத்திருந்தபோது "அவருக்குத் தெரியும்டி இந்த வலி" என்று சொல்வார்களே, அந்த வார்த்தை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. அவர் மனுஷனாக இல்லையென்றால் வலி தெரிந்திருக்காது. தேவனாக இல்லையென்றால் அவருக்குத் தெரிந்து பாட்டிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கீழ்வீட்டுத் தெய்ஸேயும் இதைத்தான் கேட்டார்கள். தெய்ஸே என்றால் இங்கே பெரியம்மா மாதிரி. மொகரம் மாதத்தில் (இந்த வருஷம் அது ஜூலையில் வந்தது) ஆஷுரே என்று ஒரு பாயசம் செய்து வீடுவீடாகக் கொடுப்பார்கள்: கோதுமை, கொண்டைக்கடலை, உலர்ந்த அத்தி, மேலே மாதுளை முத்து. கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "ஈசா நபியை நாங்களும் மதிக்கிறோம், மரியம் பேரில் எங்கள் வேதத்தில் ஓர் அத்தியாயமே உண்டு. ஆனால் கடவுளுக்குப் பிள்ளையா மகளே?" என்றார்கள். கேலியே இல்லை. என் அரைகுறைத் துருக்கியில் சொன்னேன்: நீங்கள் நினைக்கிற மாதிரி ஒரு நாள் பிறந்து பிள்ளையானவர் அல்ல, என்றைக்கும் பிதாவோடு இருந்தவர், கடவுள் ஒருவரே என்று தினமும் சொல்லி வளர்ந்த யூதர்கள்தான் முதலில் அவர் காலில் விழுந்தார்கள் என்று. அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "யோசிக்கிறேன்" என்றுகூடச் சொல்லவில்லை. தேயிலை ஊற்றிக்கொடுத்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். மறுவாரம் கிண்ணத்தில் கேசரி வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். உன் ஹாஸ்டல் பையனிடமும் சண்டைக்குப் போகாதே, தெரிந்ததை நேராகச் சொல்.

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் தெனிஸ்லி பக்கம் போகலாம் என்று அத்தான் சொல்கிறார்கள். அங்கே கொலோசே இருந்த இடம் பெரும்பாலும் தோண்டப்படாமல் புல்மேடாகவே கிடக்கிறதாம். "அவர் எல்லாவற்றிற்கும் முந்தினவர், எல்லாம் அவருக்குள் நிலைநிற்கிறது" என்று பவுல் எழுதினது அந்த ஊர்ச் சபைக்குத்தான். அங்கே போனால் அந்த அதிகாரத்தைத் தமிழில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நீ முதலில் யோவான் முதலாம் அதிகாரத்தையும் கொலோசெயர் முதலாம் அதிகாரத்தையும் நிதானமாக வாசி. அப்புறமும் கேள்வி இருந்தால் கூச்சப்படாமல் எழுது, தெரியாததை நான் சபை ஐயரிடம் கேட்டுச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு. அசனப் பண்டிகைக்கு எங்கள் பேரில் காணிக்கை அனுப்பியிருக்கிறேன், சேர்ந்ததா என்று கேட்டுச் சொல். தை மாதம் அத்தானின் சிநேகிதர் ஊருக்கு வருகிறார், கருப்பட்டி நான்கு வட்டு கொடுத்தனுப்பச் சொல் அம்மாவிடம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் எல்லாருக்கும்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா