தோட்டத்தின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 நவம்பர் 28 அன்று டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது, நம் தொலைக்காட்சிகளில் ஓடிய கேள்வி ஒன்றுதான்: சென்னைக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர்? மதுரையில் எங்கள் தெருவின் ஐந்தாறு வீடுகளில் மட்டும் பேச்சு வேறு. "பதுளைக்கு லைன் கிடைக்குதா?" பதுளை, இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலை மாவட்டம்.

நாங்கள் அந்தத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய 5,25,000 பேர் கணக்கில் வந்தவர்கள். 1974-ல் எனக்குப் பதினொரு வயது. தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், பிறகு இங்கே அப்பாவுக்கு மில் வேலை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் அடுத்த காம்பராக்காரர்கள் (பக்கத்து அறைக்காரர்கள்) அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த வீட்டுப் பையனும் நானும் இன்றுவரை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வோம். இந்தப் பக்கம் ஆள் வந்தால் தேயிலைத்தூள் கொடுத்துவிடுவான். நம்மூர்க் கடைத்தூளை அவன் தேயிலை என்றே ஒத்துக்கொள்வதில்லை.

நான்கு நாள் அவன் போன் அணைந்தே கிடந்தது. தினமும் காலையில் உங்கள் நாளிதழைப் பிரித்து ஆளுக்கொரு தாளாகத் தேடினோம். "பதுளை மாவட்டத்தில் மண்சரிவு" என்று இருக்கும். பதுளையில் எங்கே? மதுரை மாவட்டத்தில் வீடு இடிந்தது என்றால் மேலூரா, உசிலம்பட்டியா, பேரையூரா என்று கேட்கமாட்டோமா?

தோட்டத்து ஆளுக்குத் தெருப்பெயர், கதவு எண் கிடையாது. கடிதம்கூட தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். தோட்டம், அதன் பிரிவான டிவிசன், லயம், அவ்வளவுதான் விலாசம். அதிலும் தோட்டத்துக்கு இரண்டு பெயர்: வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர் ரிஜிஸ்டரில், தமிழ்ப்பெயர் ஜனங்கள் வாயில். என் அம்மாவுக்கு எண்பத்தாறு வயது, தமிழ்ப்பெயர் மட்டுமே தெரியும். கொழும்புச் செய்தியில் வந்த இங்கிலீஷ் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன், எதுவும் பிடிபடவில்லை. கடைசியில் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்து வந்தார். அனுப்புநர் விலாசத்தில் மை ஊறி, தோட்டத்தின் பெயரில் பாதி எழுத்துதான் மிச்சம். அதை வைத்துத்தான் ஒத்துப் பார்த்தோம்.

ஐந்தாம் நாள் அவனே கூப்பிட்டான். டவுனுக்கு நடந்து போய் ஒரு கடையில் சார்ஜ் போட்டானாம். "ஸ்கூல்ல இருக்கோம்டா. லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சு நிக்குது, போகக்கூடாதுன்னுட்டாங்க" என்றவன், அடுத்து கேட்டது, "அங்க உங்களுக்கு வெள்ளமா?"

போன் கைமாறிக் கைமாறித் தெருக்காரர்கள் எல்லாரும் தங்கள் ஆட்களைப் பற்றி அவனிடமே விசாரித்தார்கள். தெரிந்ததைச் சொன்னான். சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஐயா, மாவட்டத்தோடு தோட்டத்தின் பெயரையும், கிடைத்தால் இரண்டு பெயரையும், போடச் சொல்லுங்கள். பள்ளிகளிலும் கோயில்களிலும் தங்கியிருப்பவர்கள் எந்தத் தோட்டத்தார் என்றும் எழுதுங்கள். ஒரு வரிதான் கூடும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு இன்னும் தகவல் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.