பின்தொடர்தல் வழக்கில் வக்காலத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்ததாகக் கைதாகிறவர்களுக்காக எந்த வழக்கறிஞரும் ஆஜராகக் கூடாது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 2022-இல் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு மாணவி ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டதை நினைத்தால், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பனான எனக்கும் அந்தக் கோபம் வருகிறது. ஆனாலும், குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் நிற்கும் வழக்கறிஞராக, அவர் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்கறிஞர்கள் ஒருமுறை தீர்மானம் போட்டபோது, இத்தகைய தீர்மானங்கள் அரசியலமைப்புக்கும் தொழில் நெறிக்கும் விரோதமானவை, செல்லாதவை என்று 2010-இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது.

பின்தொடர்தல் பற்றிய சட்டம், 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-டி என்ற பிரிவாக வந்தது; 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவாக இருக்கிறது. அது, ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதையும் தொடர்புகொள்ள முயல்வதையும் குற்றம் என்கிறது. (அவரது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது அதே பிரிவில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.) ஆகவே அவர் மறுத்தது எப்போது, அதன்பின் நடந்தது எத்தனை முறை, செய்தவர் இவர்தானா என்பவையே வழக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் பஞ்சர் கடையில் வேலை பார்த்த ஓர் இளைஞர். தினமும் காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்று தன்னையே பார்ப்பதாகவும், கைப்பேசிக்கு ஆபாசச் செய்திகள் அனுப்புவதாகவும் ஒரு பெண் புகார் கொடுத்திருந்தார். கடையோ அந்த நிறுத்தத்துக்கு நேர் எதிரில் இருந்தது. சம்பவ இடத்தைக் காட்டப் போலீசார் வரைந்த மாதிரி வரைபடத்தில் அந்தக் கடை இல்லை. செய்திகளுக்குச் சான்றாக வழக்குக் கட்டில் இருந்தது நான்காக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாள். அனுப்பிய எண் மடிப்பில் அழிந்திருந்தது, தேதியின் பாதி வெட்டுப்பட்டிருந்தது, மின்னணுச் சான்றுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழ் இணைக்கப்படவே இல்லை. கைப்பேசியையும் யாரும் கைப்பற்றவில்லை.

குறுக்கு விசாரணைக்கு முந்தைய நாள் இளைஞரின் மாமா வந்து, "அந்தப் பொண்ணு யார் யார்கூடப் பேசுதுன்னு கூண்டுல வச்சுக் கேளுங்க சார்" என்றார். மறுத்துவிட்டேன். அப்படிக் கேட்கிற வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்பதும், வாசகரின் வெறுப்புக்கு அவர்களும் காரணம் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைத்து வெட்கப்படுகிறேன். அந்தப் பெண்ணிடம் நான் கேட்டவை மூன்றே கேள்விகள். மற்ற எல்லாவற்றையும் புலனாய்வு அதிகாரியிடம்தான் கேட்டேன். இளைஞர் விடுதலையானார்.

அந்தச் செய்திகளை அனுப்பியவர் யார் என்று அதன்பின் யாரும் தேடவில்லை. அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்றே நான் நம்புகிறேன். 2025 ஜனவரியில் நம் சட்டப்பேரவை பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையை உயர்த்தும் மசோதாவை நிறைவேற்றியது. அதே அக்கறையோடு, புகார் வந்த அன்றே கைப்பேசியைக் கைப்பற்றி, உரிய சான்றிதழைப் பெற்று, அழைப்பு விவரங்களை வாங்கும்படி ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் அரசு உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், மதுரை