பழைய ஸ்டேஷன்களைத் தேடிப் போகும் கோபாலனுக்கு

அன்புள்ள கோபாலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம், மழையும் ஒரு வழியாக நின்றுவிட்டது. தை பிறந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாட்டின் பழைய ரயில் நிலையங்களைச் சுற்றப் போவதாக எழுதியிருக்கிறாய். எவை மிஞ்சியிருக்கின்றன, அங்கே போய் எதைப் பார்ப்பது என்று கேட்டதற்கு எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இன்று நிற்கிற பழைய நிலையங்களில் பலவற்றை யாரும் திட்டம் போட்டுக் காப்பாற்றவில்லை. போக்குவரத்து வேறு பக்கம் திரும்பியதாலோ, இடிக்க மனம் வராத அளவுக்குப் பெரிதாக இருந்ததாலோ, தண்டவாள அகலத்தை மாற்ற வழியில்லாததாலோ நிற்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் இதில் எது காரணம் என்று பார். எந்தப் பகுதி அசல், எது ஒட்டுப்போட்டது என்பதும் அதிலேயே பாதி விளங்கிவிடும்.

ராயபுரத்தில் தொடங்கு. 1856 ஜூன் 28-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நிலையம். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. பம்பாய்–தாணே (1853), ஹவுரா–ஹூக்ளி (1854) தடங்கள் இதற்கு மூத்தவை. ஆனால் அவற்றின் முதல் நிலையங்கள் இன்று இல்லை. அதனால் நாட்டில் நிற்பவற்றில் மூத்தது ராயபுரம்தான். கொரிந்தியத் தலைப்பு வைத்த முகப்புத் தூண்கள் இன்றும் இருக்கின்றன. 1907 வாக்கில் மெட்ராஸ் ரயில்வேக்கு சென்ட்ரல் தலைமை முனையமானதும் ராயபுரம் ஒதுங்கிப்போய், துறைமுகச் சரக்கோடு காலம் தள்ளியது. அப்படி ஒதுங்கியதுதான் அதற்கு நல்லதாகப் போயிற்று. கூட்டம் இருந்திருந்தால் இந்த முகப்பு என்றோ போயிருக்கும். 2005-ல் செப்பனிட்டுத் திறந்தார்கள். கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் அடுத்ததே ராயபுரம். இறங்கியதும் பிளாட்பாரத்தோடு திரும்பிவிடாதே, தெருப்பக்கம் போய் முழு நீள முகப்பையும் பார்.

சென்ட்ரலையும் எழும்பூரையும் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. சென்ட்ரல் 1873, ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்தது. கடிகாரக் கோபுரம் பின்னால் சிஷோம் கைவண்ணத்தில் சேர்ந்தது. ரயில் வந்து முட்டி நிற்கிற முனையம் என்பதால் பின்பக்கக் கூரை, பிளாட்பாரம் எதை மாற்றினாலும் முகப்பில் கைவைக்க வேண்டியதில்லை. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபின் புறநகர் ரயில்களுக்கு அந்த இடத்தில் தனிக் கட்டடம் எழும்பியதும் பழைய கட்டடத்துக்குச் சுமையைக் குறைத்தது. எழும்பூர் 1908 ஜூன் 11-ல் திறந்தது. ஹென்றி இர்வின் வரைந்து, ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை கட்டியது, செலவு 17 லட்சம் ரூபாய். ஒரு மீட்டர் அகலத் தடமான மீட்டர்கேஜுக்காகவே கட்டிய பெரிய நிலையம் அது. இன்று அங்கே மீட்டர்கேஜ் ஒரு அடிகூடக் கிடையாது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் மீட்டர்கேஜில்தான். அது 2004-ல் நின்றது. 4, 5-ஆம் பிளாட்பாரங்களுக்கு நடுவே ஒரு காலத்தில் கார் உள்ளே வருகிற வழி இருந்தது. இப்போது அங்கே பெரிய மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில கோணங்களில் படம் எடுக்கத் தடுப்புத் தகடுகள் மறைக்கும்.

நீ நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது இவற்றை அல்ல, சிறு ஊர் ஸ்டேஷன்களை. தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர்கேஜ் தடங்களில் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1992-ல் ஒரே அகலத் திட்டம் வந்து 1000 மில்லிமீட்டர் தடம் 1676 மில்லிமீட்டர் பிராட்கேஜ் ஆனது. அகலம் கூடியதால் கட்டடம் போயிற்று என்று பலர் சொல்கிறார்கள். அது கால் பங்குதான் உண்மை. பெரிய சேதம் உயரத்தால் வந்தது. பழைய மீட்டர்கேஜ் பிளாட்பாரம் தாழ்ந்தது, சில ஊர்களில் தரையோடு தரையாக இருக்கும். இப்போதைய உயர்மட்ட பிளாட்பாரம் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை எழ வேண்டும். போதாததற்குப் புதிதாக ஜல்லி கொட்டும்போது தண்டவாளமே மேலே ஏறியிருக்கும். ஆக, பழைய ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் வாசற்படி பிளாட்பாரத்துக்கு இரண்டு, இரண்டரை அடி கீழே போய்விடுகிறது. மழை பெய்தால் பிளாட்பாரத் தண்ணீர் நேராக அறைக்குள். சுவரின் அடிப்பாகம் எப்போதும் ஈரம், உப்புப் பூத்து, பூச்சு உதிரும். இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் கான்கிரீட்டில் ஒரு புதுக் கட்டடம் எழுப்பிப் பழையதைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் அரசங்கன்று பார்த்துக்கொள்ளும்.

அதனால் ஒரு பழைய நிலையத்துக்குப் போனதும் வாசற்படியைப் பார். பிளாட்பாரத்திலிருந்து படி இறங்கி உள்ளே போகிற மாதிரி இருந்தால் கட்டடம் மீட்டர்கேஜ் காலத்தது. நிலைக்கதவின் உயரம் குறைந்து, ஜன்னல் விளிம்பு முழங்காலுக்கு வந்திருந்தால் உள்ளே தரையையும் மண்போட்டு உயர்த்தியிருக்கிறார்கள்.

அடுத்தது கூரை. பல கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும், நம் கொத்தனார்கள் கட்டைக்குத்து ஒட்டு என்பார்களே, அது. தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடி வாக்கில் இடைவெளி விட்டு வைத்து, மேலே ஒரு அங்குலக் கனமுள்ள சிறு செங்கல்லை, அதாவது ஆச்சிக்கல்லைக் குத்துக்கல்லாக, சாய்வாட்டமாக, சுண்ணாம்பில் பதித்துக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியாக மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதிப்பார்கள். சரியாகச் செய்தால் நூறு வருஷம் தாங்கும். கெடுவது எங்கே என்றால், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில். அங்கே விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கிற கட்டையின் நுனி உளுத்துப்போகும். கீழே நின்று பார்த்தால் கட்டையின் நடுப்பாகம் கல் மாதிரி இருக்கும், நுனி மாவாக இருக்கும். ஒழுகுகிறது என்று புகார் வந்ததும் மேலே ஏறிச் சிமெண்டுக் கலவையை ஒரு பட்டை பூசிவிடுவார்கள். வெயிலில் அது பாளம் பாளமாக வெடிக்கும். உள்ளே போன தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் தங்கும். அடுத்த வருஷம் இன்னொரு பட்டை. பாரம் ஏறிக்கொண்டே போய், உளுத்த நுனி ஒருநாள் விட்டுக்கொடுக்கும். உத்தரத்தில் நடுத் தொய்வு தெரிந்தால் அந்த அறைக்குள் போகாதே. வெளியிலிருந்து படம் எடுத்தால் போதும்.

சுவருக்கும் இதே கதைதான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டும் எனாமல் பெயிண்டும் அடித்துவிட்டால் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து, கல் பொடியாக உதிரும். பளபளவென்று புதிதாகத் தெரிகிற பழைய ஸ்டேஷன்களைப் பார்த்து அவசரப்பட்டு மகிழாதே. ஓர் ஓரத்தில் பூச்சு உப்பியிருக்கிறதா என்று விரலால் தட்டு. பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது.

பிளாட்பாரக் கூரையைத் தாங்குகிற தூண்கள் இரண்டு வகை. ஒன்று வார்ப்பிரும்பு, அச்சு சேர்ந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடு தெரியும். பல இடங்களில் உள்ளே கூடாக இருந்து, கூரைத் தண்ணீரை இறக்குகிற குழாயும் அதுவேதான். பிளாட்பாரத்தை உயர்த்தும்போது அடியில் இருந்த வாய் கான்கிரீட்டில் புதைந்துவிட்டால் தண்ணீர் தூணுக்குள்ளேயே நின்று துருவேற்றும். வார்ப்பிரும்பில் விரிசல் விட்டால் சாதாரண வெல்டிங் நிற்காது, பக்கத்திலேயே மறுபடி விரியும்.

இன்னொன்று பழைய தண்டவாளத்தையே நட்ட தூண். எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் இது தேதி சொல்லும். தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில் புடைத்த எழுத்தில் ஆலையின் பெயரும் ஆண்டும் உருட்டியிருக்கும்: பாரோ ஸ்டீல், கேமல் ஷெஃபீல்டு, பிற்காலமானால் டாட்டா. பெயிண்ட் கனமாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடி, நிழலில் எழுத்து எழும். இங்கே ஒரு எச்சரிக்கை. தடத்தில் பல காலம் உழைத்துக் கழித்த தண்டவாளத்தைத்தான் தூணாக நடுவார்கள். 1884 என்று இருந்தால் கூரை 1884-க்கு முந்தியது அல்ல என்பது மட்டுமே நிச்சயம். அதைக் கட்டடத்தின் பிறந்த வருஷமாக எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். கையில் டேப் வைத்துக்கொள்: தண்டவாளத்தின் உயரம் 11.4 செ.மீ. என்றால் ஒரு கெஜ நீளம் 60 பவுண்டு எடையுள்ள தண்டவாளம், 12.9 என்றால் 75 பவுண்டு. 14.3 என்றால் 90 பவுண்டு; அது பெரும்பாலும் பிராட்கேஜ் தடத்திலிருந்து கழித்து வந்தது.

நீலகிரிக்குக் குறைந்தது இரண்டு நாள் ஒதுக்கு. மாநிலத்தில் மீட்டர்கேஜ் இன்றும் ஓடுவது அங்கே மட்டும்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899, ஊட்டி வரை 1908, மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே ஆப்ட் முறைப் பல்சட்டங்கள் இரண்டு, ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வரும்படி பதித்திருக்கும். இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்கும், ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். சக்கரத்துக்கு ஒரு ஜோடி சிலிண்டர், பல்சக்கரத்துக்கு இன்னொரு ஜோடி. இப்படி மூச்சிரைக்க ஏறுகிற நீராவி இன்ஜின் வழியில் தண்ணீர் குடித்தாக வேண்டும். ஹில்குரோவ் போன்ற காட்டு நடுவே உள்ள நிலையங்களில் தண்ணீர் ஏற்பாட்டை முதலில் பார், கட்டடத்தை அப்புறம் பார். ஊர் எதுவும் இல்லாத இடத்தில் ஸ்டேஷன் ஏன் என்பதற்கு அதுதான் பதில். மேலே குன்னூர்–ஊட்டிப் பகுதியில் டீசல். அங்கே வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் நிலையங்களைச் சாலை வழியாகவே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததால் அகலப்படுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவால் அடிக்கடி ரத்தாகும், நீ சொல்கிற தை மாதம் சரியான சமயம். மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணி வாக்கில் புறப்படும், ஊட்டி சேர ஐந்து மணி நேரம் ஆகும். முன்பதிவு சீக்கிரம் நிரம்பிவிடும், இன்றே பார்.

மணியாச்சியையும் எழுதியிருந்தாய். 1911 ஜூன் 17-ல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட இடம் என்பதற்காகப் போ. கட்டடக் கலைக்காக என்றால் அந்த ஒரு நாளை நீலகிரிக்குக் கொடுத்துவிடு. தனுஷ்கோடிக்கு ரயில் கிடையாது, ராமேஸ்வரத்திலிருந்து சாலைதான். 1914-ல் தடம் போட்டபோது பாம்பனிலிருந்து பிரதான வழி அங்கேதான் போனது, ராமேஸ்வரம் வெறும் கிளை. தலைமன்னாருக்குக் கப்பல் ஏற வந்தவர்களுக்கான நிலையம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலோடு எல்லாம் முடிந்தது. உப்புக்காற்றில் மிச்சச் சுவரும் கரைகிறது, சாய்ந்து நிற்காதே. வரும் வழியில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும். 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் இரு கைகள் இரண்டு பக்கமாக விரிந்தன; 2022-லேயே அதில் ரயில் நின்றுவிட்டது. சாலைப் பாலத்தில் நின்றால் புதிய பாலம் படத்தில் விழும்.

பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய், இரண்டு மணி நேரம்தான் செல்லும். முக்காலி வைத்துப் படம் எடுப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கு. சின்ன ஊரென்றால் முதலில் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிடு. தடத்தில் இறங்கி அளக்காதே.

விழுப்புரம் பக்கம் எந்தெந்த ஸ்டேஷன் உன் பட்டியலில் இருக்கிறது என்று எழுது. தண்டவாளத் தூணில் ஆண்டு தெளிவாக விழுந்த படம் கிடைத்தால், பக்கத்தில் டேப்பை வைத்து இன்னொன்றும் எடுத்து அனுப்பு. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் விசாரிப்பு.

அன்புடன்,
மாணிக்கம்