அம்மாவின் செருப்பைக் கொண்டுவந்த அக்காவுக்கு

கோத்தகிரி உறவுகளுக்கு வணக்கம்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். இன்று காலை சுவரைப் பிடித்தபடி ஊட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்தடி நடந்தாள். தைப்பூசத்து ராத்திரி கோவில் வாசலில் அம்மா விழுந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள், மீதிப் பேருக்கு விடிவதற்குள் தெரிந்துவிட்டது. மறுபடி அதை எழுத எனக்கும் தெம்பில்லை.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையன்கள், கச்சேரிச் சாமான் ஏற்றிய வேனைப் பின்னால் எடுத்து வழிவிட்ட டிரைவர், தொட்டபெட்டா ஏற்றத்தில் அந்த மூடுபனியிலும் நிறுத்தாமல் ஓட்டி வந்த ஜீப் அண்ணன் (வாடகையை வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா, எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது), ரத்தம் கொடுத்த ரெண்டு பேர், நைட் டூட்டி நர்ஸம்மா, தினமும் யாராவது ஒருவர் கையில் கஞ்சி கொடுத்தனுப்பிய எங்கள் லைன் வீட்டுக்காரர்கள். எல்லோருக்கும் நன்றி. உங்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக வருவேன்.

ஆனால் ஒருவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. பேரும் தெரியாது. இந்த மடல் அவருக்காகத்தான்.

பழைய பாட்டுக் கச்சேரி என்றால் அம்மாவை வீட்டில் நிறுத்த முடியாது. அதற்காகவே திருப்பூரிலிருந்து ரெண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தேன். கச்சேரி முடிந்தபோது மணி பதினொன்று. கீபோர்டைக் கழற்றி உறைபோட்டுக் கொண்டிருந்தார்கள். ஜனம் கலையவில்லை. விறகை மூட்டிச் சுற்றி உட்கார்ந்து, பாடகர் எந்த இடத்தில் சறுக்கினார் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்துச் சாக்கில் இருந்தவர் பிளாஸ்க்கைத் திறந்து, "அக்கா, கொஞ்சம் தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, "நீங்க எந்தத் தோட்டம்?" என்றாள்.

தேத்தண்ணி என்று இங்கே யார் சொல்கிறார்கள்? அது சிலோன் பேச்சு. 1964-ல் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்கள் 5,25,000 பேர். அந்தக் கணக்கில் அம்மாவும் ஒருத்தி. 1974-ல், பதின்மூன்று வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இந்த மலை. திரும்பி வந்தவர்களுக்கென்று அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் தாத்தாவுக்கு வேலை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என்னைச் 'சிலோன்காரி மகள்' என்பார்கள். "டீன்னு சொல்லும்மா" என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். ஒருநாள் அவளும் அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். அவள் விட்டதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அன்றைக்கு ராத்திரி அது திரும்ப வந்தது. "நல்ல தேத்தண்ணி தங்கச்சி, இஞ்சி தட்டிப் போட்டியா?" இருவரும் தோட்டத்து லயத்து வீட்டுக் கதை பேசினார்கள், கப்பலில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்று சொல்லிச் சிரித்தார்கள். பேச்சு இலங்கை வானொலி அறிவிப்பாளர்களுக்குப் போனது. அங்கே சண்டை பிடித்துக்கொண்டது. கே.எஸ். ராஜா மாதிரி இன்னொருத்தன் பிறக்க வேண்டும் என்றாள் அம்மா. அப்துல் ஹமீதின் உச்சரிப்புக்கு உறை போடக் காணாது என்றார் அவர். குரலை மாற்றி ஆளுக்கொரு அறிவிப்புச் செய்து காட்டினார்கள். எதிரே குளிர்காய்ந்த படுகப் பெரியவர் ஒருவர், "எங்க வீட்டு ரேடியோவிலயும் அந்த ஸ்டேஷன்தான்மா" என்று நடுவராகப் பார்த்தார். ரெண்டு பேரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அம்மா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் அது.

கோத்தகிரியை விட ஊட்டி இன்னும் உயரம். நான் போட்டிருந்த ஸ்வெட்டர் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரிப் புல்லில் உறைபனி உப்பைக் கொட்டிய மாதிரி கிடந்தது. அந்த அக்கா கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தார், கையில் நியூஸ் பேப்பர் பொட்டலம். பழம் என்று நினைத்தேன். பிரித்தால் அம்மாவின் நீல ரப்பர் செருப்பு. அறுந்த வாரில் அவள் குத்தியிருந்த ஊக்கு அப்படியே இருந்தது. சேறு மட்டும் இல்லை. அந்தக் குளிரில் கழுவித் துடைத்திருக்கிறார்.

"கூட்டமெல்லாம் போனப்புறம் இது ஒரு ஜோடிதான் கண்ணு மிச்சம் கிடந்துச்சு. அக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு."

எனக்கு அழுகை முட்டியது. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"வீட்டுக்கு நடந்து வரணுமில்ல? செருப்பில்லாம எப்படி வருவாங்க?"

டாக்டர்கூட அதுவரை அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

வேலைக்குப் போகவில்லையா என்றதற்கு, "இனிமே போனா அரைப்பேர்தான், போகட்டும்" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அரைப்பேர் என்றால் பாதி நாள் கூலி. தோட்டத்தில் பிறந்த எனக்கு அது எவ்வளவு என்று தெரியும். பேர் கேட்க வேண்டும் என்பது மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. மூன்று நாள் ஐ.சி.யூ வாசலில் அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இன்று அந்தப் பத்தடியை அம்மா அதைப் போட்டுக்கொண்டுதான் நடந்தாள். இனி எங்கள் வீட்டில் தேத்தண்ணிதான். டீ கிடையாது.

அக்கா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூசத்தன்று கச்சேரியில் விழுந்த அம்மா வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கே.எஸ். ராஜா விஷயத்தில் அவள் இன்னும் இறங்கி வரவில்லை. அதைச் சொல்லி எழுதச் சொன்னாள்.