மனசில் இருப்பதைச் சொல்லவும் சொற்கள் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தைகளின் சொல்வளம் பற்றி நிறையப் பேசுகிறோம், ஆனால் அது பொருள்களின் பெயர்களோடும் தேர்வுக்கான எதிர்ச்சொற்களோடும் நின்றுவிடுகிறது. மனசுக்குள் நடப்பதைச் சொல்லும் சொற்களை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, பெரியவர்களின் பேச்சிலேயே அவை குறைந்துகொண்டு வருகின்றன என்பதுதான் என் கவலை. எதைக் கேட்டாலும் டென்ஷன், மூட் அவுட், ஒரு மாதிரியா இருக்கு, இல்லாவிட்டால் ஒண்ணுமில்ல. வேலை போய்விடுமோ என்ற பயமும் டென்ஷன், தூக்கமில்லாத அயர்ச்சியும் டென்ஷன், கூடப்பிறந்தவர் பேசாமல் இருப்பதால் வந்த மனத்தாங்கலும் டென்ஷன் என்றால் பக்கத்தில் இருப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு உதவுவார்? பயந்தவருக்குத் தெம்பு சொல்லலாம், அயர்ந்தவரைத் தூங்க விடலாம், மனத்தாங்கல் என்றால் இருவருக்கும் நடுவில் நின்று பேசிப் பார்க்கலாம். டென்ஷன் என்பவரிடம் 'டென்ஷன் ஆகாதே' என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்?

இத்தனைக்கும் நம் மொழியில் இதற்குப் பஞ்சமே கிடையாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, சொல்வதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களையும் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்பட்டு அழுவது, இழந்து அழுவது, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்து அழுவது, இல்லாமையால் அழுவது, நான்கும் வேறு வேறு. அழுகிறவரிடம் இதில் எது என்று கேட்கத் தெரிந்தாலே பேச்சு பாதி தெளிந்துவிடும்.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பர்க் (1934–2015) நடந்தது, உணர்வு, தேவை, வேண்டுகோள் என்று நான்காகப் பிரித்துப் பேசும் ஒரு முறையை உருவாக்கினார். அதில் எனக்குப் பெரிதாகப் படுவது, உணர்வையும் குற்றச்சாட்டையும் அவர் பிரித்த விதம். "நீ என்னை மதிக்கலைன்னு தோணுது" என்பதில் தோணுது இருக்கிறதே தவிர உணர்வு இல்லை, எதிராளி மேல் தீர்ப்புதான் இருக்கிறது, கேட்ட நொடியில் "எப்ப மதிக்கல?" என்று வாக்குவாதம் தொடங்கிவிடும். "நான் பேசும்போது நீ ஃபோனையே பார்த்துக்கிட்டு இருந்தே, எனக்கு வருத்தமா இருந்துச்சு, நான் சொல்றதை யாராவது காது கொடுத்துக் கேக்கணும்னு இருக்கு, கொஞ்ச நேரம் ஃபோனை வச்சிட்டுக் கேக்கிறியா?" நீளம்தான், ஆனால் இதில் சண்டைக்கு இடம் குறைவு.

தேவையைச் சொல்வது இன்னும் கடினம். கேட்பதே சுயநலம் என்று பலர் நினைக்கிறார்கள், நமக்கு வேண்டியது அவர்களுக்கே தெரிய வேண்டும் என்று காத்திருந்து, தெரியாதபோது உள்ளுக்குள் பொருமுகிறார்கள். ஓய்வு, துணை, அவகாசம், கொஞ்சம் தனிமை, தெளிவான ஒரு பதில், இவற்றையெல்லாம் பெயர் சொல்லிக் கேட்கலாம். "யோசனை வேண்டாம், நான் சொல்றதைக் கேட்டா போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ மனக்கசப்பு மிச்சம்.

உணர்வைப் பற்றிப் பேசப் பேச அது பெருகும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உளவியலாளர் மேத்யூ லீபர்மனும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்வுக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை உணர்வதில் பங்குள்ள அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது, ஆணா பெண்ணா என்று பார்த்து முகத்துக்கு ஏற்ற ஆள் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆய்வுக்கூடத்து முடிவுதான், அதனால் வாழ்க்கைச் சிக்கல் தீர்ந்துவிடாது, சரி. ஆனால் பெயர் சொன்னால் பெருகும் என்ற பேச்சுக்கு இதில் ஆதரவு இல்லை.

குழந்தைகளிடம் மட்டும் கவனம் வேண்டும். "உனக்குப் பொறாமை" என்று நாமே முத்திரை குத்தக் கூடாது. "பயமா இருக்கா, கூச்சமா இருக்கா, வேற ஏதாவதா?" என்று கேட்டுவிட்டு, அது தேர்ந்தெடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு சொல்லுக்கு இடம் கொடுங்கள். ஆதங்கம், ஆற்றாமை, ஏக்கம், தவிப்பு, பதைப்பு என்று தொடங்கலாம். அகராதிப் பொருள் வேண்டாம், எந்தச் சூழலில் அப்படி இருக்கும் என்று நாலு வரி, அந்த நேரத்தில் என்ன கேட்கலாம் என்று ஒரு வரி. சூழல்களை எழுதி அனுப்பச் சொல்லி வாசகர்களைக் கேளுங்கள், முதல் கடிதம் நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி