பாப்பாவின் ஏழு பேர்

சியோல்,
12.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் மாமாவும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே குளிர் கடுமையாகிவிட்டது. இந்தப் பொங்கலுக்கும் வர முடியாமல் போனதில் எனக்குப் பெரிய வருத்தம்.

பி.டி.எஸ். என்ற கொரியப் பாடகர் எழுவர் குழுவைப் பார்ப்பதற்காகக் கப்பலேறிக் கொரியாவுக்குப் போவது என்று நம் கரூர் மாவட்டத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர் வீட்டை விட்டுக் கிளம்பி, சென்னை வரை போய், கடைசியில் காட்பாடியில் மீட்கப்பட்ட செய்தியை நானும் படித்தேன். அதைக் கேட்ட அன்றே மாமா பாப்பாவின் சுவரில் இருந்த படங்களைக் கிழித்ததும், கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டதும் பயத்தினால்தான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால், அந்தக் குழுவின் ஊரிலேயே நான்கு ஆண்டுகளாக இருப்பவள் என்பதால், தொலைபேசியில் நிதானமாகச் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன். மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடந்த ஜூன் 17ஆம் தேதி, அவர்கள் மேடையேறிப் பத்து ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட ஹான் ஆற்றங்கரையில் யொயிடோ பூங்காவில் பெரிய விழா எடுத்தார்கள். அந்த வாரம் நகரத்தின் கோபுரங்களுக்கும் பாலங்களுக்கும் ஊதா நிற விளக்குப் போட்டிருந்தார்கள். வானவில்லின் கடைசி நிறம் ஊதா என்பதால், கடைசிவரை நம்பி அன்பு செலுத்துவோம் என்ற பொருளில் 2016இல் அந்தக் குழுவில் ஒருவரான தேஹ்யங் சொன்ன 'பொராஹே' என்ற ஒரு சொல்லிலிருந்து வந்த வழக்கம் அது. நம் பாப்பா தன் பள்ளிப்பைக்கு ஊதா நிறம்தான் வேண்டும் என்று அடம் பிடித்ததற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

என்னுடன் வேலை செய்யும் தோழி அழைத்ததால் நானும் போயிருந்தேன். லட்சக்கணக்கில் கூட்டம். நல்ல வெயிலில் பாய் விரித்து, குடை பிடித்துக் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்துப் பாயில் பதிமூன்று, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தன் தாயுடன் இருந்தாள். ஒரு சிறு கோப்பில், கண்ணாடித்தாள் உறைகளுக்குள் ஒவ்வொன்றாகச் செருகி வைத்திருந்த புகைப்பட அட்டைகளை, விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்து எனக்குக் காட்டினாள். இசைத்தட்டு வாங்கினால் உள்ளே யாருடைய படம் இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். வேண்டிய முகம் கிடைக்கும்வரை ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப வாங்கும் பிள்ளைகள் உண்டு. இந்த வியாபாரம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, அக்கா. பாப்பா இதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால், ஏன் கொடுக்கவில்லை என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

மாலையில் குழுத் தலைவர் நம்ஜூன் வந்து பேசினார். பாடல் ஒலித்தபோது அந்தப் பெண் எழுந்து நின்று, மற்றவர்களோடு சேர்ந்து, 'கிம் நம்ஜூன், கிம் சொக்ஜின், மின் யூன்கி, சொங் ஹோசொக், பாக் ஜிமின், கிம் தேஹ்யங், சொன் ஜங்குக், பி.டி.எஸ்.!' என்று தாளம் தப்பாமல் ஏழு பெயர்களையும் அர்ச்சனைபோல் சொன்னாள். அதில் எனக்குத் திகைப்பு என்னவென்றால், தாயும் கூடவே சொன்னதுதான். இரவு வாணவேடிக்கை முடியும்வரை அந்தச் சிறுமியின் கண்ணில் நீர் நிற்கவில்லை. தாய் ஒன்றும் கேட்கவில்லை, முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு இருவரும் தாங்கள் இருந்த இடத்துக் குப்பையைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

எல்லோரும் இப்படி இல்லை. கலைஞர்களின் வீடு, விமானம் என்று விடாமல் துரத்துபவர்களும் உண்டு. அவர்களை இங்கே 'சசெங்' என்பார்கள். அவர்களை முதலில் கண்டிப்பவர்கள் 'ஆர்மி' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இந்த ரசிகர்களே.

அந்த மூன்று பிள்ளைகளையும் நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இந்த நாட்டில் உடல்தகுதியுள்ள ஆண்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ராணுவப் பணி செய்தாக வேண்டும். மூத்தவரான சொக்ஜின் 2022 டிசம்பரில் போனார். போன மாதம் கடைசி நால்வரும் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் ராணுவத்துக்குப் பதிலாகச் சமூக சேவைப் பணியில் இருக்கிறார். எப்படியாவது அந்தக் குழந்தைகள் இங்கு வந்து சேர்ந்திருந்தாலும், பார்ப்பதற்கு ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். பதினான்காயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ரயில், எந்தக் கப்பல் என்று தங்களுக்குள்ளேயே பேசி முடிவு செய்திருக்கிறார்கள். திட்டாமல் காது கொடுத்துக் கேட்கும் பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், கடவுச்சீட்டு, விசா என்று பேச்சு வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்குமே என்று தோன்றுகிறது.

பாப்பாவுக்கும் அதே பதிமூன்று வயது. அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு வேலையில் மனம் செல்லவில்லை.

பத்தாம் ஆண்டு நினைவாகக் கொரியத் தபால் துறை போன ஜூனில் தபால்தலைகள் வெளியிட்டது. பாப்பாவின் பிறந்தநாளுக்கென்று ஒரு தாள் வாங்கி வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு இப்போதே அனுப்புகிறேன். மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்திருக்கிறேன். உறையை நீங்கள் பிரிக்க வேண்டாம். மாமா கையால் அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது அந்த ஏழு பெயர்களையும் வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை